பன்னிரண்டு கட்லட்

உங்களில் யாருக்காவது ஒரு எண்ணின்மேல் பாசம் வந்திருக்கிறதா? கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற எனக்குப் பன்னிரண்டின்மேல் வந்தது. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் கிடையாது. இரண்டு, மூன்று, நான்கு, ஆறு எதனால் வகுத்தாலும் மிச்சம் வராது.

பல வருடங்களுக்குப் பிறகு என் மகள் கணவனோடும் குழந்தையோடும் கனடாவிலிருந்து கொழும்புக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை திருகோணமலைக்கு வருவதாகச் சொன்னாள். மனைவி இறந்தபின் சமையல் என்னுடையதுதான். விடியவே துறைமுகப் பக்கம் போய் மீன் வாங்கிவந்து பன்னிரண்டு கட்லட் பொரித்தேன். எல்லோரும் வந்தால் ஆளுக்கு மூன்று. மருமகன் கொழும்பில் நின்றுவிட்டால் ஆளுக்கு நான்கு. மகள் மட்டும் வந்தால் ஆளுக்கு ஆறு.

மத்தியானம் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, குறை நினையாதேங்கோ. பிள்ளைக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளேல்ல. நாளைக்கே கனடாவுக்கு வெளிக்கிடுறம்."

"அப்ப நான் அங்க வரட்டே, பிள்ளை?"

"அவ்வளவு தூரம் பஸ்ஸில இருந்து வர உங்களுக்கு ஏலாது, அப்பா. அடுத்தமுறை பாப்பம்."

"ஓம்" என்றேன். எனக்கு எழுபத்தொன்பது வயது.

மேசையில் வைத்திருந்த நான்கு பீங்கான்களில் மூன்றை எடுத்து அலுமாரியில் அடுக்கினேன்.

கரும்பலகையில் காரணிகளை எழுதும்போதெல்லாம் ஒன்றைத்தான் முதலில் எழுதுவேன். அதில் விளக்க ஒன்றுமில்லை என்று உடனே இரண்டுக்குப் போய்விடுவேன். அன்றைக்குத்தான் அதன் முன்னால் உட்கார்ந்தேன். பன்னிரண்டு ஒன்றாலும் வகுபடும்.

ஆளுக்குப் பன்னிரண்டு.