மாற்றி ஒட்டிய எலும்பு மூடிகள்

என் எழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், போதாததற்கு மறதி. முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் வலது முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போனேன். சின்ன வயசுக்காரர். என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தபடி என் மகளிடம் சொன்னார்: "அம்மைக்குத் தேய்மானமாணு. குருத்தெலும்பு முழுசும் போயி." பிறகு மேஜையிலிருந்த பிளாஸ்டிக் முழங்கால் மூட்டு ஒன்றை என் காலோடு சேர்த்துப் பிடித்து விளக்கினார். அது இடது கால் மூட்டு. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். குருத்து தேய்ந்த அளவுக்கு எனக்குக் கூச்சம் தேயவில்லை.

அந்த பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசனையும் இல்லை. நல்ல எலும்புக்குக் காய்ந்த சுண்ணாம்புக் கலயத்தின் வாசனை உண்டு. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்க வந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு இந்த மலையாள ஊருக்கு வந்தவள் நான். மருத்துவக் கல்லூரி ஒன்றின் எலும்பு அறையில் தற்காலிக வேலை கிடைத்தது. சலவைச் சோடா கலந்த தண்ணீரில் எலும்பை வேகவைப்பது, மொட்டை மாடியில் உலர்த்துவது, துடைத்து அடுக்குவது. அக்கம்பக்கத்தில் 'ஆபீஸ் வேலை' என்றுதான் சொல்லிவைத்திருந்தேன்.

ஒருமுறை ஒரு குழந்தையின் எலும்புகள் வந்தன. யார் பெற்றதோ, ஆறேழு வயசு இருக்கும். வேகவைத்ததும் இரண்டு தொடையெலும்பின் கீழ்முனைகளும் மூடிபோலக் கழன்று வந்தன. ஆட்டுக்கால் சூப்பு வைத்தவளுக்கு இதில் என்ன அதிசயம்? வளருகிற எலும்புக்கும் அதன் முனைக்கும் நடுவில் குருத்துதான், வெந்தால் கரையும். உடைந்த எலும்பு முள்ளாகக் குத்தும். இதுவோ அலை வடிந்த சங்குமுகம் கடற்கரை மணல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. பழைய ரவிக்கைத் துணியில் வலதுக்குச் சிவப்புப் பை, இடதுக்குப் பச்சைப் பை தைத்துப் போட்டுவைத்தேன்.

எங்கள் அறைக்குப் பொறுப்பான சின்ன சார் பைகளைப் பிரித்து ஒன்றாகக் கொட்டினார். "நீ இது தாழெ இட்டுப் பொட்டிச்சல்லே?" நான்தான் கீழே போட்டு உடைத்தேன் என்று மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார். அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும். "மலையாளம் படிக்கத் தெரியாது சார், நாளைக்கு மகள படிக்கச் சொல்லிட்டுப் போடுறேன்" என்றேன். சிரித்தார். "ஓ, வலிய வக்கீல்!" பெரிய வக்கீலாம் நான்.

மறுநாள் மாணவர்களுக்குப் பரீட்சை. சார் தன் கையாலேயே பசை தடவி மூடிகளை ஒட்டி மேஜையில் வைத்திருந்தார். பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து வந்த நரைத்த தலை மேடம் ஒன்றை எடுத்து, எந்தக் கால் என்று ஒரு பையனிடம் கேட்டார். அவன், "மேலே வலது மேடம்... கீழே இடது" என்று அழாத குறையாகச் சொன்னான்.

"ஆரா இது ஒட்டிச்சது?"

"இவள் பொட்டிச்சதாணு, மேடம்" என்று சார் என்னைக் காட்டினார்.

எங்கிருந்து குரல் வந்ததோ! "ஒடைக்கல மேடம். வேவையில குருத்து கரஞ்சிட்டு. பிள்ளைக்கு மூடி தனியாத்தான் வரும், வளந்து முடிஞ்சாத்தான் ஒட்டும். இவரு ரெண்டு மூடியையும் மாத்தி ஒட்டிட்டாரு."

மேடம் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "சாரே, அடுத்த வட்டம் பசை எடுக்கும்போ இந்தச் சேச்சியெ விளிச்சோ." அடுத்த தடவை இந்த அக்காவைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டுமாம்!

சார் அந்தக் காகிதத்தைக் கிழித்தார். வேலை நிலைத்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அதற்கும் ஒரு குருத்து வேண்டும், வளைந்துகொடுக்க. இன்று அவர் பெயருக்குப் பின்னால் ஒரு முழத்துக்குப் பட்டங்கள். அந்தச் சின்ன டாக்டர் யாரிடம் படித்தாரோ!

எலும்பு அறையில் இப்போது எல்லாம் அச்சில் வார்த்த பிளாஸ்டிக்காம். மூடி கழலாது, யாரும் மாற்றி ஒட்டவும் வேண்டாம். என் இரண்டு பைகளும் எங்கே போயினவோ. முழங்காலில் இருந்த குருத்தும் போயிற்று.

சிவப்புப் பைதானே வலதுக்கு? இடது வலது சரியாக எழுதியிருக்கிறேனா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். படித்தவர்கள் என்றால், எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள்.