சின்னையா காப்பாற்றிய மக்ரோனி

ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை பங்களாவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காரேறிப் போன அன்று, தோட்டத்து ஜனம் மொத்தமும் பங்களாவுக்குள்ளும் அதன் சமையல் குசினிக்குள்ளும் புகுந்தது. சீனி, டின் பால், கம்பளி என்று கைக்கு அகப்பட்டதை ஆளாளுக்கு அள்ளிக்கொண்டார்கள். சின்னையா எதற்கும் நிதானமாகவே போகிறவர். அவர் போய்ச் சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மரப்பெட்டி. அதற்குள் குட்டிக் குட்டிக் குழாயாக என்னவோ கிடந்தது. கோதுமையில் செய்த பண்டம், பெயர் மக்ரோனி என்று பங்களா சமையல்காரர் சொன்னார். சின்னையா பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

தோட்டத்து ஜனம் வரிசையாகக் குடியிருந்த லயமே சிரித்தது. "எல்லாரும் சீனியும் பாலும் கொண்டாந்தாங்க. நம்மாளு ஓட்டையத் தூக்கிட்டு வந்திருக்காரு பாரு" என்றாள் அவர் மனைவி ருக்குமணி.

ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் சூட்டு மெஷினைப் பார்த்துக்கொள்வதுதான் சின்னையாவின் வேலை. பதினெட்டு வருஷமாக அந்த அனலில் நின்றவர். ஈரம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. ஆனால் அவர் பிழைக்க வந்த மலையோ மலாயாவின் கேமரன் மலை. காலையில் துவைத்த வேட்டி மறுநாள் சாயங்காலமும் ஜில்லென்று இருக்கும். தீப்பெட்டி நமுத்துப்போகும், பருப்பு பூத்துப்போகும். மனுஷன் இந்த மலையோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மக்ரோனியில் பாதியை முதல் மாதமே உப்பும் மிளகாயும் போட்டு அவித்துத் தின்றார்கள். பிறகு ஒருநாள் சின்னையா பெட்டியை மூடிவிட்டார்.

"மிச்சம் தங்கம்மா கல்யாணத்துக்கு. எம்பொண்ணு கல்யாணத்துல பாயசம் இருக்கணும்."

அரிசி கண்ணில் படாத காலம் அது. விடிந்தால் மரவள்ளி, பொழுது போனால் மரவள்ளி. வீட்டில் கோதுமையை வைத்துக்கொண்டு கிழங்கைத் தின்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! சின்னையாவிடம் அது இருந்தது. ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டி ஒன்றில் மக்ரோனியைக் கொட்டி வைத்தார். துரை போனபிறகும் ஃபேக்டரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாதம் ஒருமுறை, மெஷினிலிருந்து தேயிலையை எடுத்த பிறகு மிச்சமிருக்கும் சூட்டில், அதே தட்டுகளில் இதைப் பரப்பிக் காய வைத்தார். சூடு முழுக்க ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும், அது தேயிலையில் கற்ற பாடம்.

நாற்பத்து நாலு மாசியில் கல்யாணம். மாப்பிள்ளை கந்தன், கீழ்த் தோட்டத்துப் பையன். முகூர்த்தம் சாயங்காலம். அன்று காலையில் ருக்குமணி பெட்டியைத் திறந்தாள். மக்ரோனி பழுப்பேறிக் கிடந்தது. ஒரு மாதிரி வாடையும் அடித்தது.

"போச்சு, எல்லாம் கெட்டுப்போச்சு!"

நாற்பது பேர் மலையேறி வருகிறார்கள். கெட்டதைப் போட்டு யாருக்காவது ஏதாவது ஆனால், கொடுக்க மருந்துகூடக் கிடையாது. போடாவிட்டாலோ, தங்கம்மாவின் கல்யாண விருந்தும் வெறும் மரவள்ளிதான்.

ஒரு கை அள்ளி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வண்டு துளைத்த பொடி இல்லை. வெள்ளைப் பூசணம் இல்லை, கரும்புள்ளி இல்லை, நூலாம்படையும் இல்லை. ஒன்றைக் காதருகே வைத்து ஒடித்தார். டக்கென்று ஒடிந்தது. ஈரம் ஏறியிருந்தால் வளைந்துகொடுக்கும். மறுபடி மோந்து பார்த்தார். மக்கின வாடை அல்ல. பிறகு தலையில் அடித்துக்கொண்டார். தேயிலைக்குப் பக்கத்தில் யாராவது வெங்காயம் வைத்தால் வாடை ஏறிவிடும் என்று குதிக்கிற மனுஷன், தேயிலையின் வாடை மற்றதில் ஏறும் என்று நினைக்கவே இல்லை.

"கெடலடி. தேயிலத் தூளு ஒட்டியிருக்கு, அவ்ளோதான்."

"அப்ப நீங்க மொதல்ல தின்னுங்க. மத்தியானம் வரைக்கும் நல்லா இருந்தீங்கன்னா பானையில போடுறேன்" என்றாள் ருக்குமணி.

தட்டு நிறைய அவித்துத் தின்றார். அதற்குப் பிறகு அவர் இடுப்பு வேட்டியைத் தளர்த்தினாலும் போதும், ருக்குமணி ஓடிவந்து முகத்தைப் பார்த்தாள். உச்சிப்பொழுதில் சின்னையா, "இன்னொரு தட்டு குடுத்தா நல்லாத் தெரிஞ்சுரும்லா" என்றார். அதைக் கேட்டபிறகுதான் அவளுக்கு நிம்மதி வந்தது.

தேங்காய்ப்பாலும் பனங்கருப்பட்டி நிறத்து மலாய் வெல்லமும் சேர்ந்ததும் பழுப்பெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போனது. தாலி கட்டி முடிந்து பந்தி உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் தாயார் சீதா ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது என்னா அண்ணே? எங்க கெடச்சுச்சு?"

மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம். சின்னையாவுக்கு அது வராது. துரை ஓடியதிலிருந்து காலையில் தட்டு நிறையத் தின்றதுவரை ஒன்று விடாமல் சொன்னார். பந்தியில் பாதிக் கைகள் அப்படியே நின்றுவிட்டன. ருக்குமணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சீதா மட்டும் யோசித்தபடியே கோப்பையைக் காலிசெய்து, இன்னும் வேண்டும் என்று நீட்டினாள். பிறகு எல்லோரும் குடித்தார்கள்.

"ரெண்டு வருசமா மாசாமாசம் பக்கத்துலயே ஒக்காந்து பாத்திருக்கீங்க" என்றாள் சீதா. "ஒரு பெட்டி மக்ரோனிக்கே இப்படின்னா, பெத்த பொண்ண எப்படி வளத்திருப்பீங்க! அவள எங்ககிட்டக் குடுக்க மனசு எப்படிண்ணே வந்துச்சு?"

காலையிலிருந்து பாயசத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த சின்னையா அப்போதுதான் மணவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மாலையும் கழுத்துமாகத் தங்கம்மா கந்தன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பாயசக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் அழுதார்.

"நாளைக்கே கூட்டிட்டுப் போகணுமா தங்கச்சி?" என்றார். "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே."