மாமா ஒப்புக்கொண்ட சைக்கிள்

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். என்னுடைய மாமா, அம்மாவின் தம்பி, இரண்டு பேர் காலிலும் விழவில்லை. வெல்லப்போகிற வழக்கைக் கூண்டுக்குள் நின்றபடி தன் வாயாலேயே தோற்றார். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அம்மாவோடு ஒட்டிக்கொண்டு கோட்டு மர வாங்கிலில் குந்தியிருந்து அதைப் பார்த்தேன்.

வழக்கு ஒரு சைக்கிளைப் பற்றியது. செங்கலடிச் சந்தையில் யாரோ ஒருவருடைய சைக்கிள் களவு போனது. மறுநாள் அது எங்கள் வளவுக்குப் பின்னால், வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் கிடந்தது. நீலச் சாறன் கட்டிய மெலிந்த மனிதர் ஒருவர் அதை உருட்டிக்கொண்டு போனதைக் கண்டதாக ஒரு வியாபாரி சொன்னார். மாமா மெலிந்தவர். அவரிடம் நீலச் சாறனும் இருந்தது. அன்றைக்கு எங்கே இருந்தாய் என்று பொலிஸ் கேட்டபோது மாமா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர்களுக்கு அது போதுமாயிருந்தது.

மாமா எங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியும். என்னோடு இருந்தார்.

அன்றைக்கு விடியும்போதே என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்தார். நாங்கள் இருந்த எழுவான்கரை ஆமியின் கையில் இருந்தது. மேற்கே படுவான்கரை இயக்கத்தின் கையில். நடுவில் கிடந்த தண்ணீர் யாருடைய கையில் என்று எனக்குத் தெரியாது. அக்கரையில் பெரியம்மா இருந்தாள், தொய்வுக்காரி. மழைக்காலத்தில் அவள் மூச்சு எடுப்பது உலைத் துருத்திபோலக் கேட்கும். மருந்து அந்தப் பக்கம் போகக்கூடாதென்று ஆமி தடை போட்டிருந்தது, பிடிபட்டவர்கள் திரும்பி வருவதில்லை என்பார்கள்; அதனால் குளிசைகளை என் பாவாடை மடிப்புக்குள் வைத்து அம்மா தைத்துவிட்டிருந்தாள். எனக்கோ அது உலாத்துப் போகிற நாள். பனிமூட்டத்துக்குள் இரண்டு கரையும் காணாமல் போயின. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. மாமா கம்பை ஊன்றி எடுக்கும்போது சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. நாங்கள் தண்ணீரில் போகவில்லை, யாரோ காண்கிற கனவுக்குள் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். பெரியம்மா எருமைத் தயிரும் சீனியும் தந்தாள். வயல்வட்டை முழுக்கக் கதிர் சாய்ந்து கிடந்தது. பொழுது சாய நாங்கள் திரும்பினோம்.

மாமாவுக்காக வழக்குப் பேச ஒத்துக்கொண்ட அப்புக்காத்து, பிணையில் வந்திருந்த மாமாவுக்குத் தன் வீட்டு விறாந்தையில் வைத்து வழக்கை விளங்கப்படுத்தினார்.

“இஞ்ச பார் தம்பி, நீ எடுக்கல்ல எண்டு நீ நிறுவத் தேவல்ல. எடுத்தாய் எண்டு அவங்கதான் நிறுவணும். அது ஒரு வழி. மற்ற வழி, நான் அந்த இடத்திலேயே இல்ல எண்டு சொல்லுறது. அது இன்னும் நல்ல வழி. ஆனா எங்க இருந்தாய் எண்டு சொல்லணும். கண்ட ஆளையும் கொண்டரணும்.”

கண்ட ஆள் நான்தானே. வாயைத் திறந்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

“அந்த வழி வேணாம் ஐயா,” என்றார் மாமா.

அப்புக்காத்து வாவிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். “அப்ப முதல் வழிதான். வாயத் திறக்காம நில்லு,” என்றார்.

வரும் வழியில் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். “நான் சொல்லட்டா மாமா? நான் கண்டதானே.”

“எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளிகா நல்ல கொள்ளி?” என்று கேட்டார்.

“எனக்கென்ன தெரியும்.”

“அப்ப பேசாம வா மனே.”

தவணை நாளில் கோட்டுக்குள் மின்விசிறி ஒன்று தூக்கக் கலக்கத்தில் சுற்றுவதுபோல் சுற்றியது. முகட்டு வளையில் புறாக்கள் முனகின. பேசுகிறவர்களின் சொற்கள் தண்ணீருக்கடியில் இருந்து வருவதுபோல எனக்குக் கேட்டன. அப்புக்காத்து வியாபாரியை மெல்லப் பிடித்தார்.

“அண்டைக்குச் சந்தையில வேற ஆரும் நீலச் சாறன் கட்டி இருந்தவங்களா?”

“கனபேர் இருந்திருப்பாங்க ஐயா.”

“நீங்க?”

வியாபாரி குனிந்து தன்னைப் பார்த்தார். கோட்டுக்கும் நீலச் சாறனோடுதான் வந்திருந்தார். “நானும்தான்,” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நீதவானும் சிரித்தார். பொலிஸ்காரர்கள் இருந்த வரிசை மட்டும் சிரிக்கவில்லை. நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாமாவைப் பார்த்தார். நல்ல மனிதர், குரலிலேயே இரக்கம் இருந்தது.

“சாட்சி போதாது போலத்தான் தெரிகிறது. நீர் அன்றைக்கு எங்கே இருந்தீர் என்று மட்டும் சொல்லும். வீட்டுக்குப் போகலாம்.”

அப்புக்காத்து எழும்பினார். “என் கட்சிக்காரர் அதைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, கனம் நீதவான் அவர்களே.”

“கட்டாயம் இல்லை. சொன்னால் அவருக்குத்தான் நல்லது.”

பொலிஸ் வரிசையில் ஒருவர் பேனையைத் திறந்துகொண்டு முன்னால் சாய்ந்தார். நான் வாங்கிலில் இருந்து பாதி எழும்பிவிட்டேன். அம்மாவின் உள்ளங்கை என் வாயை மூடியது. மாமா அந்தப் பேனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நீதவானைப் பார்த்தார்.

“நான்தான் ஐயா எடுத்த.”

அப்புக்காத்து ஆச்சரியப்படவில்லை. மெல்ல இருந்து வழக்குக் கட்டுகளை மடித்தார். மாமாவைச் சில மாதம் மறியலில் அடைக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கொண்டுபோகும்போது அவர் முகம், காற்றுக்கு முன்னே தோணியைக் கரையில் ஏற்றிவிட்டவரின் முகம்போல இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பஸ்ஸில் அம்மா அழவில்லை. எனக்குக் கச்சான் கடலை வாங்கித் தந்தாள். வீட்டுக்கு வந்ததும் அடுப்பு மூட்டி, நல்ல நாளுக்கு வைக்கிற பாற்சோறு வைத்தாள். களவெடுக்காத மனிதர் கள்ளனாகிப்போன வீட்டில் எதற்குப் பாற்சோறு என்று கேட்டுவிட்டு, நான் தொடமாட்டேன் என்று வேலியோரம் போய் நின்றேன்.

அடுத்த வளவில் இருந்தவளைக் குஞ்சம்மா என்று கூப்பிடுவோம். அவளுடைய மகன் போன வருசம் விறகுக்குப் போனவன், திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவள் ஏறி இறங்கிய ஒரு வாசலிலும் சொல்லவில்லை. அவள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“என்னகா, என்ன முடிவு?”

“களவுதான்கா. மறியல்,” என்றபடி அம்மா என் பின்னால் வந்தாள்.

“எந்த மறியல் எண்டு சொன்னவங்களா?”

“ஓம்கா. பட்டணத்து மறியல்தான். ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்கலாமாம்.”

“போய்ப் பாக்கலாமாமா?” என்று குஞ்சம்மா கேட்டாள். அம்மா ஒரு கிண்ணம் பாற்சோற்றை வேலிக்கு மேலால் நீட்டினாள். அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு குஞ்சம்மா வெகுநேரம் அழுதாள்.

மாமாவுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். நியாயம் தெரிந்த ஒருத்தியாவது இந்த ஊரில் இருக்கிறாளே என்று மனம் ஆறி, உள்ளே போய் என் பங்கைச் சாப்பிட்டேன்.