ஏழாம் எண் அட்டை

பச்சைக் கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் அட்டை அது. ‘பெலாவாட்’ என்று மலாயில் அச்சிட்டிருக்கும். வருகையாளர் என்று பொருள். கீழே ஏழு என்ற எண். உலு திராம் என்ற ஊரில் நான் தமிழ் கற்பிக்கும் பள்ளியின் வாசலில், ஜாகாவின் காவல் சாவடியில், ஆணிகளில் தொங்கும் பத்து அட்டைகளில் ஒன்று. குளிர்சாதனத்தைப் பழுது பார்க்க வருபவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், வேலை முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிடுவார். ஒருவர் மட்டும் இரண்டு வருடம் மாட்டினார், கழற்றினார், மாட்டினார்.

பிள்ளைகள் அவரைக் கலர் அக்கா என்றார்கள். வெளிநாட்டில் கலைச் சிகிச்சை படித்து வந்தவர். வாயால் சொல்ல முடியாததை வண்ணத்தாலும் களிமண்ணாலும் சொல்லவிட்டுப் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருப்பது அவர் தொழில். வாரம் மூன்று நாள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தயவில், பழைய விளையாட்டுப் பொருள் அறையில் உட்கார்ந்தார். வாசல் புத்தகத்தில் ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ‘வேலை’ என்று எழுதுவார். ஜாகா சிரிப்பார். “வேலன்னா போஸ்ட் இருக்கணும்லா மிஸ். விசிட்னு போடுங்க, போதும்.”

ஜாகாவாவது சிரித்தார். எங்கள் தலைமையாசிரியர் கவலைப்படுவது போல் முகத்தை வைத்துக்கொள்வார். கால்வாயில் குப்பை அள்ளினாலும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக் கோப்பில் சேர்க்கும் மனிதர் அவர். “நீங்க டீச்சரும் இல்ல, கவுன்சலரும் இல்ல. சிஸ்டத்துல உங்க பேரப் போட ஒரு கட்டம் இல்லம்மா. நான் என்ன செய்ய?” என்பார். பிறகு இருக்கிற கட்டங்களை ஒவ்வொன்றாக நீட்டுவார். பிரசவ விடுப்பில் போன ஆசிரியைக்கு மாற்றாக வரலாமே. சிறப்புக் கல்வி வகுப்பில் பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும், வரலாமே. கடைசியில், “சரி, சிற்றுண்டிச்சாலைச் சுவர்ல ரெண்டு மயிலாவது வரைஞ்சு குடுங்களேன்” என்றார். நாங்கள் ஆசிரியர்கள் சிரித்தோம். தேநீர் நேரத்துச் சிரிப்பு, பிஸ்கட் தூள் உதிரும் சிரிப்பு.

மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அம்மா இறந்த பிறகு பள்ளியில் ஒரு சொல்லும் பேசாதவள். வாரா வாரம் அந்த அறைக்குப் போய் வீடு வரைந்தாள். கதவில்லாத வீடு. மழை மட்டும் உள்ளே பெய்யும். வரைந்தவை எல்லாம் இரும்பு அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். “இது படம் இல்ல சார், அவ சொன்னது. அவளக் கேக்காம யாரும் பாக்கக் கூடாது” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார் கலர் அக்கா. சொன்னதற்குக் காரணம் இருந்தது. அறைப் பொருள்களுக்குப் பொறுப்பாளன் நான். மாற்றுச் சாவி என்னிடம். ஒரு வியாழக்கிழமை அவர் முகம் ஈரமாக வெளியே வந்தார். “இன்னிக்கு ஒரு வார்த்தை சார்” என்றார். என்ன வார்த்தை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. கலர் அக்கா வராத நாள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். “எதையாச்சும் காட்டுனாதான்யா அந்தப் பொண்ணுக்கு ஒரு போஸ்ட் கேக்க முடியும். சும்மா வாயால சொன்னா எவன் கையெழுத்துப் போடுவான்?” எனக்கு அது நியாயமாகப் பட்டது. அவரைவிட நான் இழிந்தவன் என்பது இந்த இடத்தில்தான். அவருக்கு அந்தப் படங்கள் வெறும் காகிதம். எனக்கு அவை என்னவென்று தெரியும். தெரிந்தே, நல்லது செய்கிற பெருமிதத்தோடு, அலமாரியைத் திறந்தேன். ஆக அழகான வீட்டை எடுத்தேன். அறிக்கைப் பலகையில் குத்தி, சிறுமியின் பெயரையும் வகுப்பையும் என் முத்து முத்தான கையெழுத்தில் கீழே எழுதினேன். தலைமையாசிரியர் மூலையில் தங்க நட்சத்திரம் ஒட்டினார்.

அதிகாரி “சந்தேக்” என்றார், அழகாம். கைப்பேசியில் படமெடுத்தார். இவ்வளவு திறமை இருந்தால் நுழைவாயில் சுவரில் கலர் அக்காவையே வரையச் சொல்லலாமே என்று யோசனை தந்துவிட்டு மீ கோரெங் சாப்பிடப் போனார். ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் பலகையைச் சுற்றிக் கூடினார்கள். “ஏய், உன் வீட்டுக்குக் கதவே இல்லியா? எப்படிடி உள்ள போவ?” சிறுமி நட்சத்திரத்தைப் பார்த்தாள். என் கையெழுத்தைப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். அதன் பிறகு அந்த அறைக்குள் அவள் கால் வைக்கவில்லை. ஆறாம் ஆண்டு முடித்துப் போகும்வரை பள்ளியில் யாரும் அவள் குரலைக் கேட்கவில்லை.

மறுநாள் கலர் அக்கா ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்கி, காகிதம் கிழியாமல் இறக்கினார். யார் திறந்தது என்று கேட்கவில்லை. சாவி இரண்டே இரண்டு. பள்ளித் தவணை முடிந்ததும் அட்டையை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். இப்போது தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் ஒரு பள்ளிக்குப் போகிறார். அங்கே அவர் கழுத்து அட்டையில் பெயர் இருக்கிறதாம், பெயருக்குக் கீழே தொழிலும்.

போன வாரம் புதிய தலைமையாசிரியர் என்னை அழைத்தார். மனநல வாரமாம். “அந்த மிஸ்ஸ ஒரு நாளைக்குக் கூப்பிடுங்க சார். ரெண்டு மணி நேரம் போதும். பேனர் அடிச்சாச்சு.” ஆள் மாறியிருக்கிறது, கோப்பு மாறவில்லை. நான் அழைத்தேன். பேருந்து இரைச்சலுக்கு நடுவே அவர் நலம் விசாரித்தார்.

“போஸ்ட் வந்துருச்சா சார்?”

“இல்ல மிஸ். ஒரு நாள் மட்டும்.”

“அந்த அலமாரிச் சாவி இப்ப யாருகிட்ட?”

“என்கிட்டதான்.”

கோபமே இல்லாத குரலில், “இன்னுமா சார்?” என்றார். வைத்துவிட்டார்.

மாலையில் வாசலுக்குப் போனேன். பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவர் பெயருக்கென்று விட்ட இடம் வெள்ளையாக இருந்தது. ஜாகா எழுந்து ஆணியைப் பார்த்தார். “மிஸ் வர்றாங்களாமே சார். ஏழாம் நம்பரத் தொடச்சு வைக்கட்டா?”

“வேணாம், வர மாட்டாங்க” என்றேன். கால்சட்டைப் பைக்குள் சாவி தொடையை உறுத்தியது. அட்டை காற்றில் திரும்பித் தன் வெறும் முதுகைக் காட்டியது.