இருபது உபரித் தோட்டாக்கள்

பூவராகவன் ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்தவர். அதில் துப்பாக்கி தூக்கி நின்ற நாட்கள் குறைவு. தோட்டாக் கிடங்கில் பூட்டும் சாவியுமாக இருந்த நாட்களே அதிகம். ஓய்வு பெற்றதும் ஸ்ரீமுஷ்ணத்துக்குத் திரும்பாமல் டெல்லியிலேயே தங்கி, ஜனக்புரியில் ஒரு வங்கிக் கிளையில் காவலாளியாகச் சேர்ந்தார். கிளையின் பண வேனில், டிரைவருக்குப் பக்கத்தில், இரட்டைக்குழல் துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்து போவது வேலை. குழலில் இரண்டு தோட்டா, இடுப்புப் பட்டையில் பத்து. இது போக வேனில் உபரியாக இருபது.

அந்த இருபதுதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

துப்பாக்கி மாலையில் பண அறைக்குள் போய்விடும். உபரித் தோட்டாவை அங்கே வைக்க மேனேஜர் சம்மதிக்கவில்லை. ரூபாய் நோட்டுக்குப் பக்கத்தில் வெடிமருந்தா என்று கையை உதறிவிட்டார். ஆகவே அவை வேனிலேயே, இருக்கைக்கு அடியில் திருகி இறுக்கிய ஒரு மரப்பெட்டிக்குள், பூட்டுப் போட்டுக் கிடந்தன. அந்தக் காலத்துத் தோட்டாவுக்கு அடியில் பித்தளை, மேலே மெழுகு பூசிய காகித உறை. ஈரம் பட்டால் காகிதம் உப்பும். உப்பினால் குழலுக்குள் நுழையாது. மற்றக் கிளைகளில் ஒவ்வொரு மழைக்காலமும் கை நிறையத் தோட்டாவைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள்.

டெல்லியில் மே மாதம் வெயிலில் நின்ற வேனின் கதவுப் பிடியைத் துணியில்லாமல் தொட முடியாது. பூவராகவன் மரப்பெட்டியை இன்ஜின் சூடு வராத பக்கம் மாற்றி வைத்தார். அடியில் இரண்டு கட்டை கொடுத்துத் தரையைத் தொடாமல் தூக்கினார். உள்ளே பழைய ராணுவக் கம்பளியைச் சுற்றி, நடுவில் மூடி இறுகின ஒரு பிஸ்கட் டின்னில் தோட்டாக்களை நிறுத்தினார். ஜூலையில் மழை வந்தால் டின்னுக்குள் வறுத்த அரிசி ஒரு சின்ன மூட்டையாகப் போகும். மூடியைச் சுற்றி சைக்கிள் டியூபை வெட்டி வளையமாக மாட்டுவார். அரிசியை ஞாயிற்றுக்கிழமைதோறும் வறுத்துத் தருவது அவர் மனைவி சாந்தகுமாரி.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு நாளாவது இப்படிக் கம்பளி போத்திவிட்டிருக்கீங்களா?" என்பாள், வாணலியைக் கிளறிக்கொண்டே.

"உனக்கு ஈரம் பட்டா நீ என்ன வெடிக்காமலா போயிடுவே?" என்பார் அவர்.

குளிர்காலத்துக்கு அவரிடம் வேறு விதி. பனியில் விறைத்த டின்னைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால், கண்ணாடியில் மூச்சு படிகிற மாதிரி உள்ளே தண்ணீர் கோத்துவிடும். ஆகவே நவம்பர் முதல் டின்னைத் திறப்பதே இல்லை. டியூப் வளையம் அசையாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவார். இரண்டு வருஷத்தில் ஒரு தோட்டாகூட வீணாகவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வேறு கிளைக் காவலாளிகள் நாலு பேரை அனுப்பி அந்தப் பெட்டியைப் பார்க்கச் சொன்னார்கள். வந்தவர்களுக்கு அவர் டீ வாங்கிக் கொடுத்து, டின்னைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார்.

"அண்ணே, பொட்டப்புள்ளையக் கட்டிக்குடுக்கறவன்கூட இவ்ளோ பேசமாட்டான்" என்றான் அப்பாவு.

அப்பாவுதான் வேன் டிரைவர். விழுப்புரத்துப் பக்கம். டெல்லிக்குக் கல் சுமக்க வந்து, லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டக் கற்றுக்கொண்டவன். உத்தம் நகர் தாண்டி ஒரு குடிசையில் மனைவி ராஜாத்தியோடும் மூன்று பிள்ளைகளோடும் இருந்தான். வங்கியில் அவன் இன்னும் தற்காலிகம். மூன்று வருஷம் முடிந்தால் நிரந்தரம் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த மூன்று வருஷம் எழுபத்தெட்டு ஜனவரியில் முடிகிறது. ராஜாத்தி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜனவரிக்கு அப்புறம் இரண்டு வீட்டை விட்டுவிடலாம் என்று பேச்சு.

வேனில் அவர்கள் இரண்டு பேரும் தமிழ் பேசிக்கொண்டு போவார்கள். பின்னால் பணப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் கேஷியர் குப்தா, "க்யா கிட்பிட் கர் ரஹே ஹோ?", என்ன கசகசவென்று பேசுகிறீர்கள் என்று சலித்துக்கொள்வார். உங்களைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அப்பாவு இந்தியில் சொல்வான். குப்தா நம்பமாட்டார்.

எழுபத்தேழு ஜூலையில் வேனின் கூரை ஒழுகியது. அப்பாவு மூன்று தடவை ஆபீஸில் வாய்மொழியாகச் சொன்னான். அவனுக்கு எழுதத் தெரியாது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தார் வாங்கிக் காய்ச்சி, தானே மேலே ஏறி, ஒழுகின மூலையில் இரண்டு கை அகலத்துக்குப் பூசிவிட்டான். அதற்கப்புறம் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பூவராகவன் மறுநாள் மழையில் இருக்கைமேல் ஒரு செய்தித்தாளை விரித்துவைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, "ஷாபாஷ் டா" என்று அவன் முதுகில் தட்டினார்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. மறுநாள் தசராவுக்கு வங்கி விடுமுறை. பூஜை அன்று வேலை நாள். ஆகவே மாலையில் கணக்கு முடிந்தபின் கிளையின் பின்பக்கத்து முற்றத்தில் வைத்துக்கொண்டார்கள். அப்பாவு வேனைக் கழுவித் துடைத்து, சாமந்தி மாலை போட்டு, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தான். சாந்தகுமாரி சுண்டலும், ஒரு கிண்ணம் நிறையப் பன்னீரில் கரைத்த சந்தனமும் கொண்டுவந்திருந்தாள். துப்பாக்கிக்குப் பொட்டு வைத்தாயிற்று. பூவராகவனுக்கு அதோடு நிறுத்த மனம் வரவில்லை. ராணுவத்தில் கிடங்கையே திறந்துவைத்துப் பூஜை போடுவார்கள். டின்னைத் திறந்து, இருபது தோட்டாவையும் ஒரு தாம்பாளத்தில் வரிசையாக நிறுத்தினார்.

"காகிதம் அண்ணே" என்றான் தட்டைப் பிடித்திருந்த அப்பாவு.

"ஒரு பொட்டுடா. அதுல என்ன வந்துடும்?"

பித்தளை அடிப்பாகம், பொட்டுக்கு உரிய இடம் அல்ல என்று தோன்றியதால் காகித உறையின் மேல்தான் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கிண்ணம் தண்ணியாக இருந்தது. சில தோட்டாவில் பொட்டு வழிந்து கீழே இறங்கியது. கற்பூரம் காட்டினார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். தோட்டாவை ராத்திரி முழுக்க முற்றத்தில் விட முடியாது. பூசின சந்தனத்தைத் துடைப்பது அபசகுனம் என்று சாந்தகுமாரியும் சொன்னாள். ஆகவே அப்படியே, காயாமல், டின்னுக்குள் நிறுத்தினார். மூடினார். டியூப் வளையத்தை மாட்டினார். சீக்கிரம் குளிர் வந்துவிடும், இனி திறக்க வேண்டாம் என்று ஒரு சுற்று கூடவே போட்டார். காற்றுப் புகாத டின். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகவும் வழியில்லை.

டிசம்பர் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்தார். ஓய்வு பெற்ற மேஜர். மீசையும் கைத்தடியும். காலை பத்து மணி, பனி அப்போதுதான் கலைந்துகொண்டிருந்தது. பெயர்பெற்ற பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். மேனேஜர் கூட வந்தார். பூவராகவன் முற்றத்துக் குளிரிலேயே, முறைப்படி, டின்னைத் திறந்தார்.

முதலில் மணம் வந்தது. சந்தனமும் பூஞ்சையும் கலந்த மணம். அரிசி மூட்டை பச்சையாகியிருந்தது. மேஜர் ஒரு தோட்டாவை எடுத்துக் குழலில் நுழைத்தார். பாதியில் நின்றது. இன்னொன்று. அதுவும் நின்றது. இருபதில் பதின்மூன்று உள்ளே போகவில்லை. பொட்டுகள் கரைந்து, வெறும் சிவப்புக் கறையாகத் தெரிந்தன. மேஜருக்கு அது பித்தளையின் களிம்பாகத் தோன்றியதோ என்னவோ.

"பானீ கஹாங் ஸே ஆயா?"

தண்ணீர் எங்கிருந்து வந்தது. கேள்வி சாதாரணக் குரலில்தான் வந்தது. உள்ளதைச் சொல்லியிருந்தால் மேஜர் ஒருவேளை சிரித்திருப்பார். அவரும் ராணுவத்துப் பூஜை பார்த்தவர்தானே. மிஞ்சிப்போனால் ஓர் எச்சரிக்கைக் கடிதம். வேலை போகும் என்று பயந்து பொய் சொன்னதாக இருந்தால்கூடப் பூவராகவன் பின்னாளில் தன்னை மன்னித்திருப்பார். அந்தப் பயமே அவருக்கு இல்லை. நாலு கிளை ஆட்களுக்கு முக்கால் மணி நேரம் பாடம் சொன்ன வாயால், நான்தான் ஈரம் பூசி மூடினேன் என்று சொல்ல வரவில்லை. அவ்வளவுதான்.

"காடி கா சத் டபக்தா ஹை, ஸாப்" என்றார். வண்டிக் கூரை ஒழுகுகிறது.

மேஜர் வேனின் படியில் ஏறிக் கூரையைப் பார்த்தார். தார் பூசின இடம் பளிச்சென்று தெரிந்தது. ஒழுகியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? யார் பூசியது என்று கேட்டார். அப்பாவு, நான்தான் என்றான். ஒழுகுவதாக எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டார். இல்லை என்றான். மேனேஜர் தன்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லி, செருப்பைப் பார்த்தார்.

அப்பாவு ஒரு தடவை பூவராகவன் முகத்தைப் பார்த்தான். தாம்பாளத்தைப் பிடித்திருந்தவன் அவன். அவர் டின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று பணம் எடுக்கக் கன்னாட் பிளேஸ் போகும்போது இரண்டு பேரும் பேசவில்லை. குப்தா பின்னாலிருந்து, "ஆஜ் மத்ராஸ் ரேடியோ பந்த் ஹை?" என்றார். இன்றைக்கு மத்ராஸ் ரேடியோ மூடலா என்று இவர்களுடைய தமிழ்ப் பேச்சைத்தான் கேட்டார். பட்டேல் நகர் சிக்னலில் அப்பாவு மட்டும், "ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றான்.

"உனக்கு ஒண்ணும் ஆகாதுடா. வண்டி பழசுன்னு எழுதிட்டுப் போயிடுவான்."

"நான் எதுவும் சொல்லல பாருங்க."

"நீ நல்லவன்டா."

"நல்லவங்கறதுக்காக இல்ல. நீங்க சொன்னப்புறம் நான் மாத்திச் சொன்னா யாரு நம்புவாங்க?"

ஜனவரியில் நிரந்தர ஆணை வரவில்லை. வாகனப் பராமரிப்பில் அலட்சியம் என்று ஒரு வரி. பிப்ரவரி முதல் வேறு டிரைவர். பூவராகவன் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாந்தகுமாரியிடம் எல்லாம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள். சொல்லலாம் என்றார். நாளை மறுநாள் ஆயிற்று. மேனேஜர் லீவில் போனார். அப்புறம் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு. ஹோலி வந்தது. சாந்தகுமாரி மறுபடி கேட்கவில்லை. ஜூலையில் அரிசி வறுக்க மட்டும் மறுத்துவிட்டாள்.

ஆகஸ்டில்தான் மேஜருக்குக் கடிதம் எழுதினார். இங்கிலீஷில் எழுதித் தந்தது மாடி வீட்டுப் பட்டாபி. சந்தனம் என்ற இடத்தில் பட்டாபி நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழுதினார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பூவராகவனுக்கு எச்சரிக்கை. டிரைவர் விஷயம் முடிந்துவிட்டது, இடம் நிரப்பப்பட்டுவிட்டது.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு காலை உத்தம் நகர் போனார். அப்பாவு ஒரு செங்கல் சூளைக்காரனிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கண் சிவந்து, இளைத்திருந்தான். ராஜாத்தி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காராமலே சொல்லி முடித்தார். கடிதத்தையும் காட்டினார்.

"படிச்சுக் காட்டுங்க அண்ணே" என்றான் அப்பாவு.

பட்டாபி சொல்லித் தந்தபடி தமிழில் சொன்னார்.

"இதுல என் பேரு எங்க வருது?"

"டிரைவர்னு இருக்கு."

"டிரைவர்னா யாரு வேணா இருக்கலாம்." கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். "வேற ஆபீஸ்ல கேட்டாங்க அண்ணே. அங்க ஏன் நிறுத்தினாங்கன்னு. தப்பு என்னுது இல்லேன்னு ஒரு சர்ட்டிபிகேட் இருந்தா எடுத்துக்கறேன்னாங்க."

"நான் எழுதித் தரேன்டா."

"நீங்க காவக்காரரு. நீங்க எழுதினா யாரு அண்ணே பாப்பாங்க?"

திட்டுகிற குரல் இல்லை அது. விவரம் சொல்கிற குரல். ராஜாத்திதான் பொறுக்காமல் பேசினாள்.

"அன்னிக்கு ரெண்டு வார்த்த சொல்லியிருந்தா போதும். இப்ப வந்து சொல்றது உங்க மனசு ஆறத்தான் அண்ணே. சொல்லிட்டீங்க, ஆறிடுச்சுன்னா போங்க. ஆறலன்னா அதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்?"

"ஏய், சும்மா இருடி" என்றான் அப்பாவு. ஆனால் அவள் சொன்னதை மறுக்கவில்லை. பிறகு பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தான். வழியில் பெரியவனுக்குத் தமிழ்ப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை, இந்திப் பள்ளியில் போட்டிருக்கிறேன் என்றான். பஸ் வந்தது.

"வீட்டுக்கு வாடா ஒரு நாள். அண்ணி கேக்கறா."

"ஞாயித்துக்கிழமைதான் அண்ணே தூங்கறதே" என்றான் அப்பாவு. "ஏறுங்க, கூட்டம் வருது."

பூவராகவன் ஏறினார். எண்பத்தாறு வரை அதே கிளையில், அதே இருக்கையில் இருந்தார். புது டிரைவர் ரோத்தக் ஊர்க்காரர், நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். குப்தாவும் வேனில் ரேடியோவைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை.