கரைக்கு நாலு போட்டு தூரம்

போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தி நடக்கும்போது கரண்ட் போய்விட்டது. மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டரைப் போட்டார்கள். கை கழுவப் போன நான் அந்த டீசல் புகைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். "மண்டையிடிக்கும், இங்க வாங்க" என்று மனைவி இரண்டு தடவை கூப்பிட்டாள். டீசல் நெடி பட்டால் எனக்குப் பசிக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. சாப்பிட்டு முடித்த பிறகும் பசிக்கும் என்பதுதான் அவளுக்குப் புரியாதது.

இந்தக் கோளாறு சின்னமுட்டம் துறைமுகத்தில் பிடித்தது. சுனாமிக்கு அடுத்த வருஷம். டீசல் மெக்கானிக் படிப்பை ஒரு வழியாக முடித்து, மூன்று விசைப்படகு வைத்திருந்த முதலாளி ஒருவரிடம் சேர்ந்திருந்தேன். படகுகள் விடியுமுன் கிளம்பும். அந்த நேரத்துக்கு இராஜாக்கமங்கலம் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏது? மூன்றில் ஒன்று சுனாமியில் அடிபட்டு, எஞ்சின் பாழாகி, சாமான் இன்று வரும் நாளை வரும் என்று கிடந்தது. "அதுலயே கிடந்துக்க" என்றார் முதலாளி. தென்னந்தோப்புக்காரன் மகன் இரண்டு வருஷம் கடல்மேல் குடியிருந்த கதை இதுதான். கடல்மேல் என்று நான் பெருமையடித்துக்கொள்வேன். உண்மையில் கரையிலிருந்து நாலு படகு தூரம். அதற்கே முதல் வாரம் தினமும் வாந்தி எடுத்தேன்.

அங்கே யாரும் படகு என்று சொல்ல மாட்டார்கள், போட்டு என்பார்கள். அடிபட்ட போட்டுகளை ஒரு மூலையில் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எங்களுடையது ஐந்தாவது. கரைக்குப் போக வேண்டுமென்றால் மற்ற நாலையும் தாண்டியாக வேண்டும். தாண்டுவதிலும் மரியாதை உண்டு. முன்பக்கமாகத்தான் போக வேண்டும், ஏனென்றால் பின்பக்கம் சமையல், குளியல் எல்லாம் நடக்கும். போகிறபோது "கரைக்குப் போறேன்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். உடனே ஒருவர் தீப்பெட்டி கேட்பார், ஒருவர் குழம்புக்கு உள்ளி, ஒருவர் தலைவலி மாத்திரை. ஐந்தாவது போட்டுக்காரன் என்பதால் நாலு வீட்டுச் சந்தையும் என் தலையில். திரும்பி வரும்போது யாருக்கு எது என்று மறந்து, பீடி கேட்டவருக்கு மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன்.

என்னோடு அந்தப் போட்டில் இருந்தவன் கிளீட்டஸ். என்னைவிட மூன்று வயது மூத்தவன். வலைக்காரன், போட்டு கிடந்ததால் அதற்குக் காவல். சுனாமியில் வீடு போய், அரசாங்கம் போட்டுக்கொடுத்த தார்ஷீட் கொட்டகையில் இருந்தான். மனைவி ஸ்டெல்லா பிள்ளைப்பேற்றுக்கு முட்டத்தில் தாய் வீட்டுக்குப் போனதும், அந்த அடுப்புக்குள் தனியாக வேக முடியாமல் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போட்டுக்கு வந்துவிட்டான். கொட்டகைக்காரர்களுக்கெல்லாம் கான்கிரீட் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் அவன் பெயர் இருந்தது. பகலெல்லாம் அந்த வீட்டுப் பேச்சுத்தான். "மக்கா, எனக்க வீட்டுல கடலப் பாத்து ஒரு ஜன்னலும் வைக்க விடமாட்டேன்" என்பான்.

கொட்டகையில் அவனுக்கு அடுத்த கதவு பிலோமி அக்கா. மீன் விற்பவர். ஏலத்துக்கு வரும்போதெல்லாம் எங்கள் இருவருக்கும் ஒரு தூக்குவாளியில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் கொண்டுவருவார். கரையில் நின்றே "ஏலே, ரெண்டு பேரும் செத்தா கிடக்கிய?" என்று கத்துவார். வாளி நாலு போட்டு கை மாறி எங்களிடம் வரும்போது குழம்பில் மீன் பாதி குறைந்திருக்கும். அதை யாரும் கேட்பதில்லை. எங்கள் எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம், அங்கேதான் நிழல். டீசலும் சாளையும் எனக்குள் ஒன்றாகிப் போனது அப்படித்தான்.

அந்தக் கரையில் இன்னொரு வழக்கம் இருந்தது. வெளியாள் யார் வந்து யாரைக் கேட்டாலும், "தொழிலுக்குப் போயிருக்கான், வந்துருவான்" என்பதுதான் பதில். ஆள் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும் அதுதான். ஏன் என்று நான் யோசித்ததில்லை. சோம்பேறிப் பதில் என்றுதான் நினைத்தேன். படித்தவன் அல்லவா.

ஒரு நாள் காலை, கையில் பைலோடு ஒருவர் கரையில் வந்து நின்றார். "கிளீட்டஸ்ங்கிறது யாருப்பா?" கிளீட்டஸ் ஐஸ் வாங்கப் போயிருந்தான். மனுஷர் வெயிலில் நிற்கிறாரே என்று, நாலு போட்டையும் தாண்டிப் போய் நான் பதில் சொன்னேன். "இப்ப வந்துருவாரு சார். இங்கதான் தங்கியிருக்காரு. மூணு மாசமா சாப்பாடு, படுக்கை எல்லாம் எங்கூடத்தான்." நல்ல பையனுக்குச் சாட்சி சொல்கிற நினைப்பு எனக்கு. அவர் எழுதிக்கொண்டார். நன்றி கூடச் சொன்னார்.

அடுத்த பட்டியலில் கிளீட்டஸ் பெயர் இல்லை. கொட்டகையில் குடியிருக்காதவர்களுக்கு வீடு கிடையாதாம். போட்டில் தங்கியிருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் அவனிடம் சொன்னார்கள். அவன் ஆபீசுக்கு எத்தனை தடவை நடந்தும் ஒன்றும் ஆகவில்லை. பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது.

யாரோ என்றால் யார்? ஸ்டெல்லாவுக்கும் பிலோமி அக்காவுக்கும் முன்பு தண்ணீர்க் குழாயடியில் ஒரு சண்டை உண்டு. அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. கொட்டகை வாசலில் ஆட்கள் பார்க்க அக்காவை அவன் பேசிய பேச்சு இருக்கிறதே. நான் பக்கத்தில்தான் நின்றேன். பத்து விரலாலும் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தூக்குவாளியோடு அக்கா வந்தார். கிளீட்டஸ் போட்டுக்குள் போய்விட்டான். நான் மட்டும் கரைக்குப் போய், எப்படியோ, "அக்கா, நீங்க சொல்லல்லன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"எனக்கும் தெரியும்டே. பைலோட வந்தவரு கொட்டகைல கேட்டப்ப, தொழிலுக்குப் போயிருக்கான்னுதான் நான் சொன்னேன். அந்தாளு தொறைக்குப் போயிட்டுத் திரும்பி வந்து, ஏம்மா பொய் சொல்லுத, மெக்கானிக்கு பையன் வேற மாதிரில்லா சொல்லுகான்னு கேட்டாரு."

"அப்ப ஏன் அவன்கிட்ட சொல்லல்ல?"

"சொன்னா வீடு திரும்பி வருமா? அவனுக்கு இப்ப ஒன்னைய விட்டா யாரு இருக்கா. வாளிய கழுவிக் கொண்டா."

அடுத்த மாதம் மனைவி, பிள்ளையோடு கிளீட்டஸ் கேரளத்து முனம்பத்துக்குப் போட்டு வேலைக்குப் போனான். அங்கே இன்றுவரை வாடகை வீடுதான். கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் போன் செய்வான். எங்கள் போட்டை உடைத்து விறகாக்கினார்கள். அந்த மூலையில் இப்போது போட்டுகளை அப்படிக் கட்டுவதில்லை. கொட்டகை நின்ற இடம் உடைமரக் காடு. நானும் எஞ்சினை விட்டு, உதிரிபாகக் கடையில் நாற்காலி தேய்க்கிறேன்.

போன மாதம் பிலோமி அக்கா இறந்துபோனார். கிளீட்டஸுக்குப் போனில் சொன்னேன். "அவளுக்க அடக்கத்துக்கு நான் வரமாட்டேன் மக்கா. எனக்க பிள்ளைக்கு வீடில்லாம ஆக்குனவ" என்றான். சொல்வதற்கு இதைவிட்டால் வேறு நேரமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"சரி, உனக்குத் தூரம்தானே" என்றேன்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது, இனி இது வேறு யாருக்கும் தெரியாது என்று மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அழவேண்டிய இடத்தில் அதுதான் எனக்கு வந்தது.