திரைக்குப் படம் எங்கிருந்து வருகிறது

கிரேன் தேர்வுக்குப் போகப் போவதில்லை என்று என் கணவர் சொன்னது ஒரு சனிக்கிழமை மத்தியானம், மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே. "திங்கக்கெழம சூப்பர்வைசராண்ட பேர எட்த்துடச் சொல்றேன். கை ஸ்லோவாயிட்ச்சி" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

துறைமுகத்துக்குள் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லரை ஓட்டுகிறவர் அவர். கிரேனின் கேபினில் உட்கார வேண்டும் என்பது, கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன ஆசை. இந்த வருஷம் டிரெய்லர் ஓட்டுகிறவர்களிலிருந்தே கிரேனுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். தேர்வு சிமுலேட்டரில் நடக்கும். பழகிக்கொள்வதற்காக வீட்டில் லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில் கிரேன் ஓட்டும் இலவச மென்பொருள் ஒன்றை நான் போட்டுக்கொடுத்தேன். அதற்கென்றே ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டும் வாங்கி மாட்டினேன். ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் திரையில் ஸ்பிரெட்டர் இறங்கும். கன்டெய்னரின் நாலு மூலையையும் கவ்விப் பூட்டும் இரும்புச் சட்டம் அது. ஆரம்பத்தில் அதைப் பூப்போல இறக்கி வைத்துவிட்டு, பார்த்தியா என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

கொஞ்ச நாளாக அந்தத் திரும்பிப் பார்ப்பது நின்றுவிட்டது. சட்டம் மூலையைத் தாண்டிப் போய் இடித்தது. இழுத்தால் இந்தப் பக்கம் தாண்டியது. எவ்வளவு பழகினாரோ அவ்வளவு மோசமானது. அவருக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. தேர்வுக்குப் பேர் கொடுத்தவர்கள் எல்லாம் சின்னப் பையன்கள். அவரே கணக்குப் போட்டு, அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார்.

நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். மனிதன், மெஷின் என்று இரண்டு பேர் நிற்கிற இடத்தில் முதலில் மெஷினைத்தான் பிடித்து உலுக்குவேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து நானே ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தேன். படம் விட்டு விட்டு வந்தது.

"எனக்கும் இடிக்குதுயா" என்றேன்.

"நீ இன்னா கிரேனா ஓட்டிக்கினு கீற? உனக்கு இடிக்காம பின்ன?" என்றார்.

அதுவும் நியாயம்தான். அவர் வாயடைக்க வேண்டுமானால் மெஷினே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் கட்டளை தட்டும் டெர்மினல் ஜன்னலைத் திறந்து ஒரு வரி தட்டினேன். பெட்டிக்குள் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் வேலை வாங்கும் டிரைவர் மென்பொருள் எது என்று அது சொல்லும். படம் வரையக்கூடியவை இரண்டு இருந்தன. ஒன்று, பிராசசருக்குள்ளேயே வரும் சின்ன சிப். இன்னொன்று நான் மாட்டிய கார்டு. இரண்டுக்கும் நேராக, வேலையில் உள்ள டிரைவர் என்று ஒவ்வொரு பேர் இருந்தது. குறை எதுவும் இல்லை.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவர், "ரெண்டும் ஷோக்காத்தான் கீது. மெஷின் மேல பழி போடாதமே" என்றார். குரலில் ஒரு நிம்மதி இருந்தது, தோற்றவனுக்கு வருகிற நிம்மதி. எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை.

நிறைய பேர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்துகிற ஆள் இல்லை. "டியூட்டி லிஸ்ட்ல ரெண்டு பேர் பேரு இருந்தா, ரெண்டு பேருமா கேபின்ல உக்காருவான்?" என்று கேட்டேன். "ஒருத்தன்தான்" என்றார். "அதான் கேக்குறேன். இப்ப உள்ள உக்காந்துகினு இருக்கறவன் யாரு?" டிரைவர் ஏறியிருப்பது வேறு, திரையில் தெரிகிற படத்தை வரைவது வேறு. அதைக் கேட்க வேறொரு கட்டளை இருக்கிறது. தட்டினேன். வரைவது யார் என்ற வரியில் கார்டின் பேர் இல்லை, பிராசசருக்குள் இருக்கும் அந்தச் சின்ன சிப்பின் பேர் இருந்தது. இத்தனை கனமான காட்சியை அது ஒண்டியாக இழுத்துக்கொண்டிருக்க, என் கார்டு பக்கத்தில் சும்மா குந்தியிருந்தது.

"இந்தப் பொட்டிய நீ எப்ப தொறந்த?" என்றேன்.

"கொடியேத்தத்துக்கு முன்னாடி வூடு கிளீன் பண்ணோமே, அப்ப. உள்ள ஒரே கலீஜ். தொடச்சி மூடினேன். இன்னா இப்ப?"

கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறும் முன் வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் துடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். திருவொற்றியூரில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மணலி ஆலைகளின் புகையும் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் சாம்பலும் கேட்காமலே உள்ளே வந்துவிடும், துடைக்காமல் தீராது. பெட்டியைச் சுவர்ப் பக்கமிருந்து இழுத்துத் திருப்பினேன். கார்டின் பின்னால் கேபிள் செருகுவதற்கு இருந்த ஓட்டைகள் எல்லாவற்றின் மேலும் கறுப்பு இன்சுலேஷன் டேப், ஓரம் கூடப் பிசகாமல், நகத்தால் நீவி ஒட்டப்பட்டிருந்தது. திரையின் கேபிள் மேலே மதர்போர்டில், அந்தச் சின்ன சிப்புக்கு உரிய பழைய ஓட்டையில் செருகியிருந்தது.

துறைமுகத்துக்காரனைத் தவிர வேறு எவனும் இதைச் செய்ய மாட்டான். வாய் திறந்து கிடக்கிற எந்த இணைப்பையும் அவர்கள் விட்டுவைப்பதில்லை. உப்புக்காற்று தின்றுவிடும் என்று கிரீஸ் தடவுவார்கள், இல்லையென்றால் டேப் சுற்றுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் தொடாத பிளக் பாயின்ட் கூட டேப் போட்டுத்தான் இருக்கிறது. துடைப்பதற்காகக் கழற்றிய கேபிளுக்கு ஏதோ ஒரு ஓட்டை கிடைத்ததும் மிச்சத்தை எல்லாம் கடமை தவறாமல் அடைத்துவிட்டார் மனுஷன்.

சிரித்தேன் பாருங்கள், வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டேப்பை உரித்து, கேபிளைக் கார்டுக்கு மாற்றி, மறுபடி ஆன் செய்து அதே கட்டளையைத் தட்டினேன். இப்போது கார்டின் பேர் வந்தது.

"உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தார். சட்டம் வழுக்கிக்கொண்டு இறங்கி நாலு மூலையிலும் சரியாக உட்கார்ந்தது. தூக்கினார், நகர்த்தினார், இறக்கினார். மறுபடியும் சரியாக உட்கார்ந்தது. பெருமையாகத் திரும்புவார் என்று காத்திருந்தேன். ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டுக் குனிந்தபடியே இருந்தார்.

"எங்கப்பாவுக்குக் கை ஆட ஆரம்பிச்சது இந்த வயசுலதான்" என்றார். "மொதல்ல எல்லாம் லேட்டாவும், அப்பறம் தாண்டிப் போவும். கடசீல நான்தான் சோறு ஊட்டுவேன். எனக்கும் வந்துட்ச்சினு நெனச்சேன். உன்னாண்ட எப்டி சொல்றதுனு தெர்ல."

இத்தனை நாளும் இவர் பயந்தது தேர்வுக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கைய நீட்டு" என்றேன்.

தயங்கித் தயங்கி, உள்ளங்கை கீழே இருக்கும்படி நீட்டினார். ஃபேனை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்தோம். ஒரு விரல் கூட ஆடவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் பாரு" என்றார்.

பார்த்துக்கொண்டே இருந்தேன்.